மூன்று நாள் ஆட்டம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தலைமை ஆசிரியை முதலில் செய்த காரியம், கடைசி மணிக்குப் பிறகு இன்னொரு மணியைச் சேர்த்ததுதான். அதற்கு முன்பு மயிலாப்பூரில் எங்களைப் போன்ற பெண்களுக்கு விளையாட்டு என்றால் வாரத்தில் ஒரு நாள் டிரில். கட்டையால் செய்த டம்பெல்ஸை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு டீச்சர் எண்ணுகிறபடி மேலும் கீழும் ஆட்டுவோம். நவராத்திரி வந்தால் கோலாட்டம். கல்யாணம் ஆகப்போகிற உடம்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஊரும் இருந்தது, நாங்களும் இருந்தோம்.

புது மணி வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டே ஆகவேண்டும். பூப்பந்து, எறிபந்து, வளையம், நாடகம், செடி வளர்ப்பது, சனிக்கிழமைகளில் அடையாற்று முகத்துவாரத்துக்குப் போய்ப் பறவை பார்ப்பது என்று தலைமை ஆசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டே போனபோது எனக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. முப்பதுகளின் தொடக்கம் அது. நான் நாலாவது பாரத்தில், இப்போதைய ஒன்பதாம் வகுப்பில், இருந்தேன்.

முதலில் ஊர் எழுந்து நின்றது. வெயிலில் ஓடிக் கறுத்துப் போனால் யார் பண்ணிக்கொள்வார்கள் என்று மாட வீதி முழுக்கப் பேச்சு. எங்களை வீட்டில் கொண்டுவிடும் பள்ளிக்கூட மாட்டு வண்டிக்காரர் இன்னும் பலமாக எழுந்து நின்றார்.

"இன்னாம்மா இது, அக்கிரமமா கீது? படிக்கிறதுங்களுக்கு ஒரு நடை, ஆடுறதுங்களுக்கு ஒரு நடையா? மாடு இன்னா மிஷினா?"

தலைமை ஆசிரியை அவரோடு வாதாடவில்லை. ஆடுகிற பெண்கள் ஆயாவோடு நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். வண்டிக்காரருக்கு நிம்மதி. எங்களுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி. சாயங்காலக் கடல் காற்று குளத்துத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வரும் நேரத்தில், பூக்கடை வாசனைக்கு நடுவே, வேர்த்த முகத்தோடு தெருவில் நடந்து வருவது எப்படி இருக்கும் என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. கால் தரையில் பாவாத மாதிரி நடந்தோம். ஆயா பின்னாலிருந்து அதட்டுவாள். யார் காதிலும் விழாது.

நான் எடுத்துக்கொண்டது வளையம். ரிங் டென்னிஸ் என்றும் சொல்வார்கள். கப்பலில் வரும் வெள்ளைக்காரர்கள் பொழுது போகாமல் கண்டுபிடித்த ஆட்டமாம். செங்கல் நிறத்தில் ஒரு ரப்பர் வளையம், நடுவில் ஒரு வலை. ஒரு கையால் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும், கை தோளுக்கு மேலே போகக் கூடாது. தரையில் விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி. கேட்கச் சுலபம். எனக்கு அது வரவே இல்லை. நேராக நெஞ்சுக்கு வந்த வளையத்தைக்கூடக் கோட்டைவிடுவேன். "ஆத்தில் யாரோடயாவது போட்டுப் பழகு" என்றார் டீச்சர்.

அப்பா மவுண்ட் ரோடிலிருந்து ஒரு வளையம் வாங்கிவந்து கொடுத்தார். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று பேப்பருக்குள் போய்விட்டார். தம்பிக்கு அஞ்சு வயசு, வளையத்தைக் கண்டால் கடிப்பான். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எங்கள் வீட்டோடு இருந்தாள். மடி ஆசாரத்தில் தன்னை மிஞ்ச மயிலாப்பூரில் ஆள் கிடையாது என்பது அத்தையின் அபிப்பிராயம். அவளிடம் வளையத்தைக் காட்டவே முடியாது. அம்மாவோ விடிந்தது முதல் அடுப்படியில் இருப்பாள். நானாகவே கொல்லைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் அம்மா அடுப்படியில் இருக்க மாட்டாள். ஆத்துக்குத் தூரம். கொல்லைக்கோடியில் ஓர் அறை உண்டு, அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். தனித் தட்டு, தனிப் பாய், தனிப் புடவை. யாரும் அவளைத் தொடக் கூடாது, அவளும் எதையும் தொடக் கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அந்த மூன்று நாளும் சமையல் அத்தையின் பொறுப்பு. அம்மாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்காது. கிணற்றங்கரைப் பக்கம் பார்த்தபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தென்னை ஓலை நிழல் முகத்தில் போய்வந்துகொண்டிருக்கும். அப்போது அவளுக்கு வயது முப்பதுதான் இருக்கும். எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கெல்லாம் வயது உண்டு என்று யார் நினைக்கிறார்கள்?

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, குளிப்பதற்கு முன்னால் சுவரில் வளையத்தை எறிந்துகொண்டிருந்தேன். அது சுவரில் பட்டுச் சாய்வாகத் தெறித்து, உருண்டு, அம்மா இருந்த அறை வாசலுக்குப் போய் நின்றது. அம்மா அதைப் பார்த்தாள். அத்தை இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று எடுத்து எறிந்தாள்.

நான் பிடித்துவிட்டேன். முதல் தடவையாக ஒழுங்காகப் பிடித்தேன்.

"அச்சச்சோ, தொட்டுட்டியே!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கண் சிரித்தது.

விஷயம் அத்தையிடம் போயிற்று. அத்தை உட்கார்ந்து யோசித்தாள். பட்டுக்குத் தீட்டு இல்லை, கம்பளிக்கு இல்லை. ரப்பருக்கு உண்டா இல்லையா என்று அவளுடைய மாமியார் சொல்லிவிட்டுப் போகவில்லை. மரத்துப் பாலில் செய்தது என்று பார்த்தால் தோஷமில்லை. ஆனால் எத்தனை பேர் கை பட்டு வந்ததோ. கடைசியில் வேறு வழியாகத் தீர்ப்புச் சொன்னாள்.

"இவளோ பள்ளிக்கூடத்துலேர்ந்து ஊரையெல்லாம் தொட்டுண்டு வந்து நிக்கறா. குளிக்கிற வரைக்கும் இவளும் விழுப்பு. அவளும் தூரம். ரெண்டு பேரும் என்னமோ பண்ணிக்கோங்கோ. அப்புறம் இவ குளிச்சுட்டுத்தான் உள்ளே வரணும். அந்தக் கண்றாவி ஆத்துக்குள்ளே வரப்படாது."

அத்தை சாஸ்திரம் பார்த்துத்தான் சொன்னாள். அவள் எங்களுக்கு எவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நிமிஷத்துக்கும் கிணற்றடியில் குளிக்கும் நிமிஷத்துக்கும் நடுவில் ஒரு பொழுது இருந்தது. எந்த விதியும் எங்களைத் தொடாத பொழுது அது.

தென்னை மரத்திலிருந்து முருங்கை மரத்துக்கு ஒரு கயிறு கட்டினேன். அதுதான் வலை. வளையம் முருங்கைக் கிளையில் தொங்கும். மாதா மாதம் மூன்று நாள் சாயங்காலம் அம்மாவும் நானும் ஆடினோம்.

அம்மாவைப் போல ஆடி நான் யாரையும் பார்த்ததில்லை. பெற்ற பெண் சொல்வதால் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள், ஆனாலும் சொல்வேன். மடிசாரை இழுத்துச் செருகிக்கொள்வாள். அந்தக் கட்டு ஓடுவதற்கென்றே யாரோ யோசித்துக் கட்டின மாதிரி இருந்தது, பாவாடை தாவணியில் நான்தான் தடுக்கிக்கொண்டே இருந்தேன். நான் எங்கே எறிவேன் என்று என் தோளைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அவள் எறியும் வளையம் அவசரப்படாது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஓலைகளுக்கு நடுவே வரும் மஞ்சள் வெளிச்சத்தில் ஏறும், அங்கே கொஞ்சம் நிற்கும், பிறகு நான் இல்லாத இடத்தில் இறங்கும். எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதற்கு முன்னால் அந்த வளையம் வரும். அது இறங்குவதைப் பார்த்ததில்லை, அதற்குள் தூங்கிவிடுவேன்.

சத்தம் போடக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டே சிரிப்போம். ஆட்டம் முடிந்து அம்மா தன் வாசலில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். "எனக்குப் பன்னெண்டு வயசுல கல்யாணம் ஆச்சோன்னோ. அதுக்கு முன்னாடி கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவேன். எங்க தெருவுல என்னை யாரும் ஜெயிச்சதில்லை" என்று ஒரு நாள் சொன்னாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா என்று நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் புள்ளிக் கணக்கில் இருந்தது. எப்படியும் நான்தான் தோற்றிருப்பேன்.

இப்படியே நானும் தேறினேன். பள்ளிக்கூட அணியில் கடைசி ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தை மாதம், பொங்கல் கழிந்து, மாம்பலத்தில் இன்னொரு பெண்கள் பள்ளிக்கூடத்தோடு பந்தயம் என்று புரட்டாசியிலேயே முடிவாயிற்று. தலைமை ஆசிரியை அதோடு நிற்கவில்லை. அம்மாக்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும், ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள், மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அதற்குமேல் ஒன்று சொன்னார். பெண்களின் ஆட்டம் முடிந்த பிறகு அம்மாக்களுக்கும் ஓர் ஆட்டம் உண்டு, விருப்பப்பட்டவர்கள் ஆடலாம்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அங்கே நிஜ வலை கட்டியிருக்குமோ?"

"ஆமாம்மா. கோடெல்லாம் சுண்ணாம்புல போட்டிருக்கும்."

"ஓ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆய்ந்த கீரையைத் தண்டோடு சேர்த்துப் போட்டுவிட்டு அத்தையிடம் திட்டு வாங்கினாள். அன்று ராத்திரி அப்பாவிடம் அவளே கேட்டுவிட்டாள். அப்பா பேப்பருக்குள்ளிருந்து சரி என்றார்.

அதன் பிறகு அம்மாவின் ஆட்டம் மாறிவிட்டது. ஐப்பசி மழை ஓய்ந்த மூன்று நாளும் ஈரத் தரையில் என்னை ஓடவைத்துக் கொன்றாள். சுண்ணாம்புக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கும், காலை எங்கே வைக்க வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டாள். அறைக்குள்ளிருந்து, வளையம் இல்லாமலே, கையை மட்டும் வீசிப் பார்ப்பதை ஒரு நாள் நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு கவலைதான். அம்மா அமாவாசையை ஒட்டித்தான் உட்காருவாள். பந்தயமும் தை அமாவாசைக்கு அடுத்து வந்தது. அன்றைக்கு அவள் தூரமாகிவிட்டால் வாசப்படி தாண்ட முடியாது. எங்களை ஆடவிட்ட அதே மூன்று நாள், நிஜ ஆட்டத்தன்று வந்து நின்றால் எல்லாம் பாழ்.

நான் குளக்கரைப் பிள்ளையாரிடம் போனேன். "பிள்ளையாரே, அம்மா அன்னிக்கு உட்காரப்படாது. உனக்கு ஒரு சிதறுகாய் போடறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

மார்கழி அமாவாசை வந்தது. அம்மா உட்காரவில்லை. நான் வளையத்தோடு கொல்லையில் காத்திருந்தேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. ஒரு வாரம் காத்திருந்தேன். உள்ளே போய், "ஏம்மா இன்னும் உட்காரலை?" என்று கேட்டேன்.

"வரும் போ" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

ஆட்டம் போயிற்றே என்று எனக்கு வருத்தம். ஆனால் பிள்ளையார் முன்ஜாக்கிரதையாக ஒரு மாதம் முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றியது. தை அமாவாசையும் வந்துபோயிற்று. அம்மா அடுப்படியிலேயே இருந்தாள். எனக்கு நிலை கொள்ளவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குக் காயை உடைத்தேன். நன்றாகச் சிதறியது, பொறுக்கியவர்கள் வாழ்த்தினார்கள்.

வீட்டில் வேறு சில மாறுதல்களும் இருந்தன. அத்தை அம்மாவை அதட்டுவதை நிறுத்தியிருந்தாள். கேட்காமலே உப்பு நாரத்தங்காயை எடுத்துக் கொடுத்தாள். அம்மா தண்ணீர் இழுக்கப் போனால், "நீ இரு, நான் இழுக்கறேன்" என்றாள். அத்தை திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். பதிமூன்று வயதில் எனக்கு வளையம் வரும் திசை தெரியும், வேறொன்றும் தெரியாது.

பந்தயத்தன்று நாங்கள் கிளம்பும்போது அத்தை வாசலில் நின்று, "போய்ப் பார்த்துட்டு வா. பார்த்துட்டு மட்டும் வா" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் அவள் மடிசாரை இழுத்துக் கட்டியிருந்தாள். கொல்லையில் கட்டுவாளே, அப்படி.

தேனாம்பேட்டைத் தோட்டங்களைத் தாண்டி வண்டி போயிற்று. மாம்பலம் அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. அகலமான புதுச் சாலைகள், நடுவே ஆள் உயரம்கூட வளராத மரக்கன்றுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை வீடுகள். ஒரே வெட்டவெளி.

"இதெல்லாம் ஏரி இருந்த இடம். நான் கல்யாணமாகி வந்தப்போ கரைவரைக்கும் தண்ணி நிக்கும்" என்றாள் அம்மா. வண்டியில் இருந்த மற்ற அம்மாக்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு நாங்கள் தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. தலைக்கு மேலே எங்கோ அலை இருக்கிறது, அதன் வழியாக வெயில் வடிகட்டி இறங்குகிறது. அம்மா என் தோளில் கையை வைத்திருந்தாள். அவள் என்னை அப்படித் தொட்டுக்கொண்டு உட்காருவது அபூர்வம்.

என் ஆட்டத்தில் நான் தோற்றேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பிறகு தலைமை ஆசிரியை அம்மாக்களைக் கூப்பிட்டார். ஒரே சிரிப்பு, வெட்கம், ஒருவரை ஒருவர் தள்ளுதல். ஒருவழியாக மூன்று பேர் எழுந்து போனார்கள். நாலாவதாக ஒருவர் வேண்டும். "எங்கம்மா ஆடுவா! எங்கம்மா நன்னா ஆடுவா!" என்று நான் கத்தினேன். மாம்பலத்துப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்தாள். நடந்துபோய்ச் சுண்ணாம்புக் கோட்டில் சரியான இடத்தில் நின்றாள். டீச்சர் அவள் கையில் வளையத்தைக் கொடுத்தார். அம்மா அதை இரண்டு தரம் கையில் திருப்பிப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். நல்ல வலை, வெள்ளைப் பட்டி வைத்தது. காலைக்கூட மாற்றி வைத்துக்கொண்டாள், எறிவதற்கு முன்னால் வைப்பாளே அந்த மாதிரி. இப்போது பாருங்கள் என்று மனசுக்குள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டேன்.

அம்மா எறியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மாமியிடம் வளையத்தைக் கொடுத்துவிட்டு, டீச்சரிடம் ஏதோ மெல்லச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து பாயில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பதிலாக யாரோ போனார்கள். நாலு பேரும் பந்தைப் போல இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, விழுந்து புரண்டு சிரித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அவமானமும் ஆத்திரமும் தாங்கவில்லை.

வண்டி நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது அம்மாவின் கையை உதறினேன்.

"ஏம்மா ஆடலை? பயமா?"

"பயம்தான்." அம்மா நின்றாள். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று விட்டாள். "நான் உண்டாயிருக்கேண்டி. ஆவணியிலே குழந்தை பொறக்கும். உனக்கும் தம்பிக்கும் நடுவிலே ஒண்ணு தங்காம போச்சு, ஞாபகம் இருக்கோ? கிணத்தடியிலே வழுக்கி விழுந்தேன், போயிடுத்து. அதான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உண்டானால் உட்கார வேண்டாம். உட்காராவிட்டால் கொல்லை இல்லை. பிள்ளை பிறந்து, பால் குடி மறந்து, எத்தனை அமாவாசை போகும் என்று மனசு ஓடியது. அதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இதில் பிள்ளையாரும் கூட்டு. தெருவென்றும் பார்க்காமல் அழுதேன்.

"நீ எதுக்குடி அழறே? உனக்குப் பள்ளிக்கூடத்திலே தினமும் மணி அடிப்பா. ஆட்டம் போயிடுத்துன்னா, அது எனக்குத்தானே போயிடுத்து."

அவள் குரல் அப்படிப் போவதை நான் கேட்டதில்லை. அழுகை நின்றுவிட்டது. அம்மா மடிசாரின் செருகலைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள். சாலையோரக் கன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தட்டிக்கு அந்தப் பக்கம் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

"குழந்தை வேண்டாம்னு நான் சொல்லலை" என்றாள். "ஆடணும்போல இருந்தது. அவ்வளவுதான்."

தனக்கு இது வேண்டும் என்று அம்மா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.